நீலப் புள்ளி

எங்கள் வட்டாரத்துக்கு ஒரே மலை
தானியக் கிடங்கின் இரும்புப் படிக்கட்டு.
நூற்றுப் பன்னிரண்டு படி.
ஜூனிலிருந்து வேலை முடிந்ததும் ஏறி இறங்குகிறேன்,
முதுகுப் பையில் இருபது கிலோ சோயா.
எடைமேடையில் நிற்கும் க்ளெட்டஸ்
தினமும் கேட்பான்:
"மேலே மான் இருந்துச்சா?"

ஏழு வருடம் குலுக்கலில் பெயர் போட்டேன்.
எட்டாவது வருடம் விழுந்தது:
நெவாடாவில், நான் கால் வைத்தே இராத மலைத்தொடரில்
ஒரே ஓர் ஆண் மானுக்கு அனுமதிச் சீட்டு.
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே இருக்கிறது,
மின் கட்டணத்துக்கும்
மகளின் பல் மருத்துவருக்கும் நடுவில்.

இண்டியானாவில் எனக்குத் தெரிந்த வேட்டை
உட்கார்ந்திருப்பது.
ஓக் மரத்தில் பலகை கட்டி ஏறிவிட்டால்
வெள்ளைவால் மான் தபால்காரர் மாதிரி
அதன் பாதையில் அதுவே வரும்.
நாற்பது அடியில் மூச்சு புகைவது தெரியும்.
அங்கே ஏற மரமில்லை.
முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர்,
அதற்கு மேல் வானம்.
மானைத் தேடாதே, ஒரு காதைத் தேடு என்கிறார்கள்.
கோவேறு கழுதையின் காதாம் அதற்கு,
பெயரும் அதை வைத்தே.
கோ ஏறியதில்லை அதன் மேல்.
யாருமே ஏறியதில்லை.

சமையல் மேசையில் வரைபடம்.
மூலைக்கு மூலை உப்பு, மிளகு, சாஸ் புட்டி,
ரோவீனின் காபிக் கோப்பை.
பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து,
விலகினால் மூச்சு வாங்கலாம்.
நெருங்கிய கோடுகளின் இடுக்கில் ஒரு நீலப் புள்ளி.
ஊற்று.
அதைச் சுற்றித்தான் எல்லாம்.
கூடாரம் இங்கே, விடியலுக்கு அந்த முகடு.
வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், மேலிருந்து இறங்க வேண்டும்;
மாலையில் காற்று பள்ளத்தில் வழியும்,
அப்போது கீழிருந்து.
பென்சிலில் அம்பு போட்டு அழித்து, போட்டு அழித்து
தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது.

ஆகஸ்டில், வண்டிப்பாதை எப்படி என்று கேட்க
அந்தப் பக்கத்து மாட்டுப்பண்ணைக்கு போன் போட்டேன்.
லெனோர் எச்செவெரி எடுத்தார்.
பின்னால் நாய்கள், ஒரு பம்பு ஓடும் சத்தம்.
பாதை பரவாயில்லை, மழை விழுந்தால் மட்டும் சோப்பு, என்றார்.
எங்கே தங்கப் போறீங்க?
நீலப் புள்ளியின் பெயரைச் சொன்னேன்.
பம்பு கொஞ்ச நேரம் ஓடியது.
"அது வத்தி மூணு வருஷம் ஆச்சே.
வரைபடத்துக்கு யாரும் சொல்லலையா?"

அன்றிரவு மறுபடி கணக்கு.
ஐந்து நாளுக்கு இருபது லிட்டர்,
லிட்டருக்கு ஒரு கிலோ;
எடையில் தண்ணீர் பொய் சொல்வதில்லை.
எலும்பு நீக்கிய இறைச்சி முப்பத்தைந்து கிலோ,
வண்டி வரைக்கும் மூன்று மைல், இரண்டு நடை.
ரோவீன் கோப்பையை எடுத்தாள்,
தென்மேற்கு மூலை சுருண்டுகொண்டது.
"விழுந்து கெடந்தா யாரைக் கூப்பிடுவே?"
அதற்கும் ஒரு கருவி வந்தது,
பன்னிரண்டு மாதத் தவணையில்.

இரண்டு நாள் கழித்து லெனோரே கூப்பிட்டார்.
வடக்குச் சரிவில் மாட்டுத் தொட்டி ஒன்று இருக்கிறதாம்.
வேலிக் கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ,
திறந்திருந்தால் திறந்தபடி விடு.
அப்புறம், கேட்காமலே:
"மிரண்டா நாலு காலையும் சேர்த்துக் குதிக்கும், ரப்பர் பந்து மாதிரி.
முகட்டுக்குப் போனதும் ஒரு தடவை நிக்கும்.
திரும்பிப் பார்க்கும்.
ஏன்னு என்கிட்ட கேக்காதீங்க.
எங்க வீடு அம்பது வருஷமா சாப்பிட்டது
அந்த ஒரு பழக்கத்தை."

அறுவடை முடிந்த வயலோரம் மண்டியிட்டு
காகிதத் தட்டுகளைச் சுடுகிறேன்.
பத்துக்கு ஒன்பது.
தட்டு திரும்பிப் பார்ப்பதில்லை.

நேற்று நூற்றுப் பன்னிரண்டாவது படியில்
மூச்சு வாங்க நின்றேன்.
எந்தப் பக்கமும் தட்டை,
எடைமேடைக்கு வரிசை கட்டிய லாரிகள்,
எதற்கென்று தெரியவில்லை, திரும்பிக் கீழே பார்த்தேன்.
க்ளெட்டஸ் நின்றுகொண்டிருந்தான்,
ஒரு கண்ணைச் சுருக்கி,
நெற்றியில் கையை வைத்து.